வேளையும் பேரும்: மலையகத் தோட்டங்களில் மருந்தும் காலமும்

தமிழிலே மருந்தின் அளவு காலத்தாற் சுட்டப்படுவது. 'மூன்று வேளை மருந்து' என்னுந் தொடரில் வேளை என்பது பொழுதையும் குறிக்கின்றது; அப்பொழுதில் உட்கொள்ளும் மருந்தின் அளவையும் குறிக்கின்றது. உணவுக்கும் இச்சொல்லே வழங்குகின்றது. காலையும் பகலும் இரவும் தன் வசமாயுள்ள ஒருவன், உண்ணும் பொழுதுகளை ஒட்டி மருந்தையும் உட்கொள்வான் என்ற எடுகோள் இச்சொல்வழக்கின் அடியிலே கிடக்கின்றது. மலையகப் பெருந்தோட்டங்களிலே இதற்கு எதிர்நிலையான இன்னொரு கால அளவை உண்டு. அதன் பெயர் 'பேர்'. காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்கு அனுப்பப்பட்டு, குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்து மாலையில் இறக்கியவருக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். ஒருவருடைய நாள் முழுவதும் ஏட்டில் அவருடைய பெயராக மட்டும் எஞ்சுகின்றது.

இவ்விரு அளவைகளும் ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் தோட்டங்களிலே ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக மருந்து வழங்கப்பட்ட முறையை ஆராயப்புகும்போது, வேளைக்கும் பேருக்கும் இடையிலான முரண்பாடே அவ்வரலாற்றின் உள்ளோட்டமாக அமைந்துள்ளமையை நாம் காண்கின்றோம். இன்றைய மருந்தியலின் பெருஞ்சாதனைகளுள் ஒன்றாகப் பேசப்படும் ஒரு பொருளை அவ்வரலாற்றின் ஒளியிலே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பொதுவழக்கிற் பொலிமர் எனப்படும் பல்பகுதியத்தினால் ஆக்கப்பெற்று, உடலினுள்ளே தாமாகச் சிதைந்து மறையும் நுண்கோளங்களே அப்பொருள். ஊசி வழியே ஒரு முறை செலுத்தப்பட்டால், வாரக்கணக்காகவோ மாதக்கணக்காகவோ மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும் இயல்பின அவை. நோயாளி வேளை பார்க்க வேண்டியதில்லை. அதனைக் கோளமே பார்த்துக்கொள்ளும். இத்துறையிலே இலக்கிய மாணவருக்கு என்ன அலுவல் என வினவுவோர் இருக்கலாம். மருந்தியலார் இம்முறைக்கு இட்ட பெயர் 'கட்டுப்படுத்தப்பட்ட விடுவிப்பு' என்பதாகும். கட்டுப்படுத்துபவர் யார் என்று கேட்பது சொல்லாராய்ச்சியின் பாற்பட்டதே.

இந்நுண்கோளங்கள் தோட்ட மருந்தகங்களை எட்டிவிட்டன என்று நாம் கூறவரவில்லை. அவற்றைத் தோற்றுவித்த தேவைகளுள் ஒன்று மலையகத் தோட்டம் போன்ற இடங்களையும், அங்கு வாழும் பெண்களைப் போன்ற பெண்களையும் மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது என்பதே எமது கூற்று. அதனை நிறுவுவதற்கு முதலிலே தோட்டத்தின் பழைய மருந்துகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது.

கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையிலிருந்து வடபாதை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்தோரிற் பலர் வழியிலேயே மாண்டனர். தோட்டத்தை அடைந்தோரிடையேயும் இறப்பு மிகுந்திருந்தது. 1872-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவப் பிரிவுகளாக வகுத்து, இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்டத்துரைமாரின் சட்டக் கடமைகளுள் ஒன்றாக்கியது. கோப்பி அழிந்து தேயிலை நிலைபெற்ற பின்னர், 1912-இல் இச்சட்டம் புதுக்கி இயற்றப்பட்டது. இதனைக் குடியேற்ற அரசின் மனிதாபிமானம் என்று கொள்வாரும் உளர். கங்காணி கொடுத்த முற்பணத்தினாலே தொழிலாளி தோட்டத்தோடு பிணிக்கப்பட்டிருந்தான் என்பதையும், அவன் இறந்தால் அக்கடன் அறவிடப்படாமற் போகும் என்பதையும் நினைவிற் கொள்வோருக்கு இச்சட்டத்தின் பொருளியல் அடித்தளம் புலப்படாமற் போகாது. சட்டம் ஒருபுறமிருக்க, லயத்திலே வாழ்ந்தவருக்கு மருத்துவம் என்பது பெரும்பாலும் தோட்டத்து மருந்தகமே. அங்கு செல்வதற்கும் ஒரு பேரை இழக்கவேண்டும், குறைந்தது அரைப்பேரையாவது.

தோட்டத் தொழிலாளரின் உடலைப் பெருந்தொகையாக ஒரே முறையில் மருந்துக்கு உட்படுத்திய முதலாவது பெருமுயற்சி கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கமாகும். அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் 1916-இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே இதனைத் தொடங்கிற்று. வெறுங்காலுடன் ஈரமண்ணிற் திரிபவரின் தோல் வழியே புகுந்து, குடலிற் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் இப்புழு, தோட்டத்தைத் தன் இயற்கை வாழிடமாகவே கொண்டிருந்தது. மலசலகூடமற்ற லயங்கள், இடைவிடாத மழை, காலணியற்ற கால்கள் ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே வாய்த்திருந்தன. சோகையினால் வெளிறி, மேடேறும்போது மூச்சிரைக்கும் தொழிலாளியைச் 'சோம்பேறி' என ஏசிய துரைமாருக்கு, அது சோம்பலன்று, புழு என்பதை எடுத்துக்காட்டியமை இவ்வியக்கத்தின் மெய்யான பயனாகும். சோகையுற்ற கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை இது உயிர் பற்றிய விடயம். இப்பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் இயக்கத்தினர் துரைமாரிடம் தம் முயற்சியை எடுத்துரைத்தபோது அவர்கள் முன்வைத்த வாதம் உழைப்புத் திறன் பற்றியதாகவே இருந்தது.

மருந்து கொடுத்த முறையை இங்கு சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். தைமோலும் கெனோபோடிய எண்ணெயும் அன்று வழங்கிய மருந்துகள். முன்னிரவில் உணவைக் குறைத்துப் பேதியுப்புக் கொடுப்பர். மறுநாட் காலை வெறுவயிற்றில் மருந்தைக் கண்முன்னே விழுங்கச் செய்வர். பின்னர் மீண்டும் பேதியுப்பு. தலைச்சுற்றும் குமட்டலும் உண்டாகும். கெனோபோடியத்தின் அளவு மிஞ்சினாற் செவிப்புலன் கெடும், உயிரும் போகலாம். அன்றைய நாள் வேலைக்குப் போகமுடியாது. நாட்கூலியால் வாழ்பவருக்கு மருந்தின் முதலாவது விலை அந்நாளே. தொழிலாளர் மருந்தை வெறுத்தமைக்கு அறியாமையும் மூடநம்பிக்கையும் காரணம் என அக்காலத்து வெள்ளையர் எளிதாகக் கூறிச்சென்றனர். ஒரு நாட்கூலியையும் ஒரு நாளின் உடல்நலத்தையும் இழந்து, மறுநாள் அதே மலசலகூடமற்ற லயத்துக்கும் அதே மண்ணுக்கும் திரும்புகின்றவர் மருந்தை ஐயுறுவதில் அறியாமை எதுவும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. குணமானவரைப் புழு மறுபடியும் பற்றிற்று. மலசலகூடங்களை அமைத்தாலன்றி மருந்தாற் பயன் நிலைக்காது என்பதை இயக்கத்தினரே உணர்ந்தனர். அதற்கான செலவை ஏற்பதிலே தோட்டங்கள் காட்டிய தயக்கத்தை வெல்ல அவர்களால் இயலவில்லை. மருந்தியக்கத்தை விடுத்து, 1926-இற் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு போன்ற வேறுவகை அமைப்புகளின்பால் நிறுவனத்தின் கவனம் திரும்பியது.

1920-களின் தொடக்கத்திற் காபன் நாற்குளோரைட்டு என்னும் புதிய மருந்து வந்தபோது, அதன் நச்சுத்தன்மையை அறிவதற்காக இலங்கையில் மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த கைதிகளுக்கு அதனைக் கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின் உடல்களை ஆராய்ந்தனர். மூன்று பிரேத பரிசோதனைகளின் முடிவு 1923-இற் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையிலே வெளியாயிற்று. தோட்டத்தாருக்குக் கொடுக்குமுன் இவ்வாறு செய்தமை முன்னெச்சரிக்கையே என்று ஒருவர் வாதிடலாம். எவருடைய உடல் எவருடைய உடலுக்காகச் சோதிக்கப்பட்டது என்பது குறித்துக்கொள்ளத்தக்கது.

கொழுக்கிப்புழு வரலாற்றிலிருந்து பிற்காலத்து மருந்தியல் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது. மருந்து பலித்தாலும் மனிதர் அதனை ஒழுங்காக உட்கொள்வதில்லை என்பதே அது. மருத்துவ எழுத்துகளிலே இது நோயாளியின் 'இணக்கமின்மை' என்ற பெயரைப் பெற்றது. குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயுற்றவனை முதலிலும், மருந்தை உரிய முறையில் அருகிருந்து கொடுப்பவனை இறுதியிலும் வைத்தது. தோட்டத்தில் அந்த நான்காம் இடத்தை நிரப்பியவர் பிரட்டில் ஆட்களை வரிசைப்படுத்திய கங்காணியே. கங்காணியின்றியும் மருந்தை முறைதவறாமற் செலுத்த வழியுண்டா என்பதே இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆய்வுகூடங்கள் விடை தேடிய கேள்விகளுள் ஒன்று.

அக்கேள்வி இலங்கையிலே குடும்பத்திட்டத்தோடு இணைந்தது. இலங்கைக் குடும்பத்திட்டச் சங்கம் 1953-இல் தோன்றிற்று. 1958-இற் சுவீடன் அரசும் இலங்கை அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரு முன்னோடித் திட்டம் இரண்டு இடங்களிலே தொடங்கப்பட்டது. ஒன்று மேல்மாகாணத்துப் பண்டாரகமக் கிராமப் பகுதி. மற்றையது நுவரெலியா மாவட்டத்து டயகமத் தோட்டம். ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் குடும்பத்திட்டத்திற்கென வழங்கிய உதவிகளுள் உலகிலேயே மிக முந்தியவற்றுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது. சிங்களக் கிராமமும் தமிழ்த் தோட்டமும் ஒப்பீட்டுக்கென அருகருகே வைக்கப்பட்ட போதிலும், இரண்டு இடத்துப் பெண்களும் ஒரே நிலையினர் அல்லர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் டயகமப் பெண்களைப் போன்றோரில் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்கு வாக்கில்லை. அவர்களுடைய கருப்பை மட்டும் அரசின் திட்டமொன்றினுள் இடம்பெற்றது.

அந்த அரசியலின் கணிதம் 1964-இல் வெளிப்படையாயிற்று. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரும் 1974-இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். ஒப்பந்தத்தின் வாசகம் இத்தொகைகளோடு அவற்றின் 'இயற்கைப் பெருக்கத்தையும்' சேர்த்தே பேசியது. பிறக்கப்போகும் குழந்தையும் பிறக்குமுன்னரே இரு நாடுகளின் பேரேட்டிற் பதிவாயிற்று.

அதே ஆண்டில், இவ்வொப்பந்தத்தோடு எவ்விதத் தொடர்புமின்றி, அமெரிக்க வைத்தியர்களான பொக்மனும் லோங்கும் சிலிக்கோன் இறப்பர்க் குழாயினுள்ளே அடைக்கப்பட்ட மருந்து குழாய்ச்சுவரினூடாக மெல்ல மெல்லக் கசிந்து வெளிவருவதை விளக்கிக் கட்டுரை எழுதினர். கட்டுப்படுத்தப்பட்ட விடுவிப்பின் நவீன வரலாறு பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்கப்பெறும். வில்லையாக விழுங்கும் மருந்து இரத்தத்திலே விரைந்து ஏறி, விரைந்து இறங்குகின்றது. ஏறுமிடத்து நஞ்சாகலாம், இறங்குமிடத்துப் பயனற்றுப் போகலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட மட்டத்தில் மருந்தை நிறுத்திவைத்தல் விஞ்ஞானச் சிக்கல். இதற்கும் சித்தர் நூல்களிலே முன்னோடி தேடும் முயற்சி எமக்கு உடன்பாடன்று. 1968-இல் இத்துறைக்கென்றே அல்சா என்னுங் கம்பனி கலிபோர்ணியாவில் நிறுவப்பட்டது. அது 1976-இற் சந்தைக்குக் கொணர்ந்த பொருள்களுள் ஒன்று, கருப்பையினுள்ளே வைக்கப்பட்டு ஓராண்டுக்குப் புறொஜெஸ்தரோனை வெளிவிடும் கருத்தடைச் சாதனம். ஆகவே, இத்துறை தன் இளமையிலேயே கருத்தடையை முதன்மையான பயன்களுள் ஒன்றாகக் கண்டது.

சிலிக்கோன் உடலிற் கரைவதன்று. வைத்ததை மீள எடுக்கவேண்டும். கரையும் பொருள் சத்திரசிகிச்சையிலிருந்து கிடைத்தது. கிளைக்கோலிக் அமிலத்தின் பல்பகுதியத்தினாலான தையல்நூல் 1970-களின் தொடக்கத்திலே வழக்கிற்கு வந்தது. பின்னர் லக்டிக் அமிலமும் அதனோடு சேர்க்கப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்த பல்பகுதியமே நுண்கோளத்தின் மூலப்பொருள். லக்டிக் அமிலம் புதுமையான பொருளன்று. தயிரிலே இருப்பது, கடுமையாக உழைக்கும் தசையிலும் உண்டாவது. கொழுந்துக் கூடையோடு மேடேறும் பெண்ணின் கால்தசையிலும் அதுவே. உடல் அதனை அறியும். நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிக் கழித்துவிடும்.

கோளத்தை ஆக்கும் வழிகளுள் ஒன்றை மட்டும் இங்கு குறிப்பிடுவோம். பல்பகுதியத்தை இருகுளோரோமெதேன் போன்ற விரைந்து ஆவியாகும் கரைப்பானிற் கரைத்து, மருந்தை அதனுட் சேர்த்து, அக்கரைசலை நீரிலே வேகமாகக் கலக்குவர். எண்ணெய் நீரிற் சிதறுவதுபோல அது நுண்துளிகளாகச் சிதறும். கரைப்பான் ஆவியாகப் போனபின் துளிகள் இறுகிக் கோளங்களாகும். தலைமயிரின் தடிப்பளவோ அதனினுங் குறைந்தோ இருக்கும் அவை, நீர்மமொன்றிற் கலந்து ஊசியினாற் செலுத்தப்படுகின்றன. தசையினுள்ளே நீர் மெல்ல ஊடுருவி எசுத்தர்ப் பிணைப்புகளை அறுக்க அறுக்கக் கோளம் உள்ளும் புறமும் தளர்ந்து மருந்தை விடுகின்றது. லக்டிக், கிளைக்கோலிக் கூறுகள் சரிபாதியாயின் சிதைவு விரைவாகும். லக்டிக் கூறு மிகுந்தால் நெடுங்காலம் நிற்கும். ஆகவே, கோளத்தின் ஆயுளை அதன் வேதியியற் கலவையிலே முன்கூட்டி எழுதிவைக்க முடிகின்றது. ஆனால் இது பிழையற்ற கடிகாரமன்று. மேற்பரப்பில் ஒட்டிய மருந்து முதல்நாளிலேயே பீறிட்டு வெளிவருதல் இத்துறையின் நெடுநாளைய தொல்லை. மறுதலையாக, உளநோய்க்கான ரிஸ்பெரிடோன் நுண்கோள ஊசி முதல் மூன்று வாரங்களுக்கு ஏறக்குறைய எதனையும் வெளிவிடுவதில்லை; அக்காலத்துக்கு வில்லையும் கொடுக்க வேண்டியுள்ளது.

1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பேமிங்காம் நகரத்திலே பெக், கௌசர், லூயிஸ் முதலிய ஆய்வாளர் புறொஜெஸ்தரோனை இத்தகைய கோளங்களில் அடைத்தனர். ஊசியாகச் செலுத்தப்படும் நெடுங்காலக் கருத்தடை பற்றிய அவர்களது கட்டுரை 1979-இல் வெளிவந்தது. பின்னர் நோரெதிஸ்தரோன் அடைக்கப்பட்ட கோளங்கள் பல நாடுகளிற் பெண்களிடம் சோதிக்கப்பட்டன. 1972-இல் உலக சுகாதார நிறுவனம் மனித இனப்பெருக்க ஆய்வுக்கெனச் சிறப்புத் திட்டமொன்றைத் தொடங்கியமையையும், 'மூன்றாம் உலகின் மக்கள்தொகைப் பெருக்கம்' அக்காலத்து மேலைநாட்டு அறக்கட்டளைகளின் இடைவிடாத பேச்சாக இருந்தமையையும் இதனுடன் இணைத்துப் பார்த்தல் வேண்டும். இந்த ஊசிக்கு எண்ணப்பட்ட பெண் தன் மறதியை வைத்தியரிடம் நேரிற் கூறக்கூடிய நகரத்துப் பெண்ணல்லள். நாள்தோறும் வில்லை விழுங்குவாள் என்று நம்பத்தகாதவளாகக் கணிக்கப்பட்ட, தொலைவிலுள்ள, எழுத்தறிவு குறைந்த, உழைக்கும் பெண். டயகமப் பெண்ணை அவ்வாய்வாளர் அறிந்திருந்தார்கள் என்று நாம் கூறவில்லை. அவர்கள் அறிந்திருந்த வகைமாதிரியில் அவளும் அடங்கினாள்.

கோளம் ஆய்வுகூடத்தில் இருந்தபோது தோட்டத்துக்கு வந்துசேர்ந்தது வேறொரு நெடுங்கால ஊசி. எளிதிற் கரையாத நுண்பளிங்குகளாக 150 மில்லிகிராம் மெட்ரொக்சிபுறொஜெஸ்தரோனைத் தசையிற் படியவைக்கும் டெப்போ-புரொவேரா, 'மூன்று மாத ஊசி' என வழங்கிற்று. இதுவும் கட்டுப்படுத்தப்பட்ட விடுவிப்பே. கோளமின்றிப் பளிங்கினாற் செய்யப்படுவது. தான் பிறந்த அமெரிக்காவிலே, நாய்களிற் கண்ட மார்புக் கட்டிகள் முதலியவற்றைக் காரணங்காட்டி 1978-இற் கருத்தடைக்கு அனுமதி மறுக்கப்பட்டு, 1992-இலேயே அனுமதி பெற்ற இம்மருந்து, அவ்விடைக்காலத்திலே இலங்கை உட்பட உலகின் பல நாடுகளிற் பெண்களுக்குச் செலுத்தப்பட்டு வந்தது. எலும்பின் செறிவைக் குறைக்கும் என்ற கடும் எச்சரிக்கை 2004-இற் சேர்க்கப்பட்டது.

தோட்டங்களிலே ஊசியினும் மேலோங்கி நின்றது சத்திரசிகிச்சை. அக்காலச் சூழலை நினைவூட்டிக்கொள்வது இவ்விடத்து அவசியம். 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973–74-இற் பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டபோது தோட்டங்களிலே பட்டினியும் இறப்பும் பெருகின. கப்பலேறுவோர் தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தனர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மலையகத்தையும் தாக்கின. இத்தகைய காலத்திலே, 1980-களில், நிரந்தரக் கருத்தடை செய்துகொள்வோருக்கு அரசு பணம் வழங்கியது. அப்பணம் கொழும்பில் உள்ளவருக்கு எத்தகையதோ நாமறியோம். பல நாட்களின் பேருக்கு ஈடான தொகையாக அது லயத்திற் பேசப்பட்டிருத்தல் இயல்பே. நாட்டின் பிற பகுதிகளினும் தோட்டங்களிலே நிரந்தர முறையின் பங்கு மிகுந்திருந்தமையைப் பிற்காலத்துக் குடிசன சுகாதார ஆய்வுகள் காட்டின. பணமென்னும் தூண்டுதல் வறியவரிடத்திலே தூண்டுதலாக நில்லாது கட்டாயமாகிவிடும் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது; அது நியாயமானதே.

இதனை இன்னுஞ் சிலர் வேறொரு திசைக்கு இழுத்துச்செல்வதுண்டு. மலையகத் தமிழரின் தொகை திட்டமிட்டுக் கருத்தடையாற் குறைக்கப்பட்டது என்பர். 1953-இல் இலங்கைச் சனத்தொகையில் 12.0 விழுக்காடாக இருந்த இந்தியத் தமிழர் 1981-இல் 5.5 விழுக்காடாயினர் என்பது உண்மை. ஆனால் அவ்வீழ்ச்சியின் பெருங்காரணம் ஊசியன்று. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்ற கப்பலே. நாடுகடத்தலின் பழியைக் கத்தியின் மீதும் ஊசியின் மீதும் சுமத்தும் இவ்வாதம், தெரிந்தோ தெரியாமலோ, ஒப்பந்தத்தைச் செய்த இரு அரசுகளையும் தப்பவிடுகின்றது. அத்துடன், பிள்ளை பெறாதிருக்க விரும்பிய பெண்ணின் விருப்பத்தை அது கணக்கிலேயே எடுப்பதில்லை.

அவ்விருப்பம் மெய்யானது. காலையிற் பிரட்டு, பகல் முழுதும் மலை, இடையிலே பிள்ளைக்காம்பிராவில் விட்ட குழந்தைக்குப் பாலூட்டல், மாலையிற் கொழுந்து நிறுத்தல், இரவிலே அடுப்பு என ஓடும் நாளிலே வில்லைக்குரிய 'வேளை' எது? 1984 வரை பெண்ணுக்கு ஆணினுங் குறைந்த நாட்கூலியே நிர்ணயிக்கப்பட்டிருந்தது என்பதும் நினையத்தக்கது. ஒரே அறையுள்ள லயத்தில் வில்லைகளைக் கணவனோ மாமியோ காணாமல் வைத்திருக்க இடமுமில்லை. ஊசி எவர் கண்ணிலும் படுவதன்று. ஒரு பேரை இழந்தால் மூன்று மாதத்துக்குக் கவலையில்லை என்பது தோட்டத்துப் பெண்கள் போடும் கணக்கு; அது மிகவும் நுட்பமான கணக்கு. முற்போக்கு எழுத்தாளரிற் சிலர் நெடுங்கால ஊசியை ஏகாதிபத்தியச் சதியென்று ஒரேயடியாகத் தள்ளும்போது, இக்கணக்கைப் போட்டவளை ஏமாளியாக்கி விடுகின்றனர். மருந்தியலார் அவளுடைய நிலையை 'மறதி' எனப் பெயரிட்டபோது, உழைப்பு நேரத்தின் நெருக்கடியை அவளது குணக்குறையாக்கினர். இரு சாராரும் ஒரே இடத்தில் இடறுகின்றனர். அவளிடம் நேரம் இல்லை; அந்நேரத்தை எடுத்துக்கொண்டது தோட்டம்.

எனினும் நெடுங்கால மருந்துக்கு வில்லைக்கில்லாத ஒரு தனித்தன்மை உண்டு. வில்லையால் தலைசுற்றினால் அன்றே நிறுத்திவிடலாம். தோலின்கீழ் வைக்கும் சிலிக்கோன் குச்சிகளை வைத்தியர் இசைந்தால் எடுக்கலாம், இசையாவிடின் இல்லை. 1983-இற் பின்லாந்தில் முதன்முதலாக அனுமதி பெற்ற நோர்ப்பிளாண்ட் குச்சிகள் வங்காளதேசத்திலே சோதிக்கப்பட்டபோது, எடுக்குமாறு கேட்ட பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டனர் என்று அந்நாட்டின் உபினிக் நிறுவனம் கண்டித்து எழுதியது. செலுத்திய நுண்கோளத்தை எவராலும் எடுக்க முடியாது. அது தன் வேதியியலில் எழுதப்பட்ட நாள் வரை தொழிற்பட்டே ஓயும். ஆகவே ஊசி போடும் கணத்தில் ஒருவர் தரும் சம்மதம் அடுத்த பல மாதங்களுக்கும் சேர்த்துத் தரப்படுவது. அச்சம்மதத்தின் தரமே இம்மருந்தின் அறம். 1985-இல் ஐதராபாத்துக்கு அண்மையிலுள்ள பட்டன்செருவில், நெட்-என் என்னும் நெடுங்காலக் கருத்தடை ஊசியைப் போட அழைத்துவரப்பட்ட பெண்களுக்கு, அது ஒரு சோதனை என்பதே விளக்கப்படவில்லை. ஸ்திரீ சக்தி சங்கடனா முதலிய பெண்கள் அமைப்புகள் 1986-இல் இந்திய உச்சநீதிமன்றத்தை நாடின. பல்லாண்டுகள் இழுபட்ட இப்போராட்டத்துக்குப் பின்னரும், டெப்போ ஊசி 2017-இல் 'அந்தரா' என்ற பெயரில் இந்திய அரசின் திட்டத்தினுள் நுழைந்தது.

நுண்கோளத்தின் கதையோ எதிர்பாராத திருப்பத்தை அடைந்தது. வறிய பெண்ணின் கருத்தடைக்கென உருவாக்கப்பட்ட நோரெதிஸ்தரோன் கோளங்கள், மனிதச் சோதனைகளைக் கடந்தும் சந்தைக்கு வரவில்லை. அதே நுட்பம் 1986-இல் ஐரோப்பாவிலும், 1989-இல் லுப்ரோன் டெப்போ என்னும் பெயரில் அமெரிக்காவிலும், புரஸ்தசுரப்பிப் புற்றுநோய்க்கான மாதாந்த ஊசியாக வெளிவந்தது. ரிஸ்பெரிடோன் ஊசி 2003-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 2006-இல் மதுவடிமைக்கென நல்ட்ரெக்சோன் ஊசி வந்தது. கோளங்களைக் கிருமியற்ற சூழலிலே ஒரே அளவினவாக ஆக்குவது செலவு மிக்கது. அச்செலவைத் தாங்கக்கூடிய சந்தையை நோக்கியே அவை சென்றன. பண்டத்தின் பயன்மதிப்பு எவருக்குத் தேவையோ அவரிடம் அதன் பரிமாற்ற மதிப்புக்கு ஈடில்லை என்ற பழைய விதி இங்கும் தொழிற்பட்டது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இறுதியாகக் கூறிய ஊசி அமெரிக்காவின் சிறைகளிலும் போதைப்பொருள் வழக்குமன்றங்களிலும் ஆர்வத்துடன் வரவேற்கப்பட்டது. செலவு தடையாகாத இடத்திலும், 'இணங்கமாட்டார்' எனக் கணிக்கப்பட்டவரையே இக்கோளம் தேடிச்செல்கின்றது. அண்மை ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கொரு முறை போடத்தக்க கருத்தடை ஊசிக்கான ஆய்வுகள், அமெரிக்க அறக்கட்டளைகளின் பணத்துடன், மீண்டும் கரையும் பல்பகுதியங்களை நாடியுள்ளன. ஆகவே நுண்கோளம் தோட்டத்துக்கு வருமா என்பது வெறும் கற்பனை வினாவன்று.

வருமாயின் எத்தகைய இடத்துக்கு வரும்? 1992-இல் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டது. தோட்ட வைத்தியசாலைகளிற் சில அரசின் பொறுப்புக்கு மாறின. பல மருந்தகங்கள் இன்னும் கம்பனிக்கும் அரசுக்கும் இடையிலே தொங்குகின்றன. 2017-இல் டிக்கோயாவிலே இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. மேற்பிரிவுத் தோட்டங்களிலிருந்து அங்கு செல்வதற்கு இன்றும் ஒரு பேரைக் கொடுக்கவேண்டும். குடியுரிமை 1988-இலும் 2003-இலும் இயற்றப்பட்ட சட்டங்களாற் கிடைத்துவிட்டது. ஆனால் தமிழ் பேசும் குடும்ப சுகாதார மருத்துவமாதரின் பற்றாக்குறை மலையகத்தின் தீராத முறைப்பாடுகளுள் ஒன்று. இது மொழியுரிமை பற்றிய வழமையான குறைகூறல் அன்று. ஆறு மாதங்களுக்குத் திரும்பப்பெற முடியாத ஒரு மருந்தின் பக்கவிளைவுகளை, கேட்பவருக்குத் தெரியாத மொழியில் விளக்கிக் கையொப்பம் பெறுவதைச் சம்மதம் என்று எந்தச் சட்ட நூலும் கொள்ளாது.

சிகிச்சை நிலையத்துக்கு வரும் பெண்ணிடம் அடுத்த ஊசிக்குரிய திகதி குறித்த அட்டையொன்று இருக்கும். அத்திகதி வேலைநாளாயின், அதே நாள் செக்ரோலிலும் பதிவாகும். அங்கு பேர் விழாது. இழந்த அந்தப் பேரை எந்த மருத்துவச் செலவுக் கணக்கும் இதுவரை சேர்த்துக்கொண்டதில்லை. சம்பளத்துடன் கூடிய மருத்துவ நாள் ஒன்றைத் தொழிற்சங்கங்கள் தமது கூட்டு ஒப்பந்தக் கோரிக்கைகளில் முன்வைக்குமாயின், வில்லை, மூன்று மாத ஊசி, இனி வரக்கூடிய நுண்கோளம் ஆகிய மூன்றுக்கும் இடையிலே தோட்டத்துப் பெண் எதனைத் தெரிவாள் என்பதை அப்போதுதான் நாம் அறியக்கூடும். இதுவரை அவள் தெரிந்தது மருந்தையா, மிச்சப்படும் நாளையா என்பதை எமது ஆய்வுகள் பிரித்துப் பார்க்கவில்லை.